கையும் கருத்தும்: கிளைடர் சுமந்த இராக்கெட்டு கற்பித்தவை

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிப் பொத்தேரியில் நடைபெற்ற கல்வியரங்கில் ஆற்றிய உரை)



‘அறிவியல் கல்வியும் நம் பிள்ளைகளும்’ என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்திருக்கிறார்கள். இத்தகைய தலைப்பில் பேச வருவோர் கல்வியின் பெருமையை விரித்துரைத்து, கைதட்டல் பெற்று அமர்வது வழக்கம். கல்வியின் பெருமையை அறியாதவர் எவரும் இவ்வரங்கில் இல்லை. அதன் அருமையை அறிந்ததனால்தான் 25 ஆண்டுகளுக்கு முன் ஒரு தகரக் கொட்டகையில் மாலைப் படிப்பகம் தொடங்கினோம். ஆகவே கல்வியைப் பொதுவாகப் போற்றுவதை விடுத்து, நம் பள்ளியில் எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் பயிலும் பிள்ளைகள் செய்து முடித்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறோம். இரண்டு சிறு கிளைடர்களைத் தோளில் சுமந்து மேலே சென்று, உச்சியில் அவற்றைப் பறக்கவிட்டுத் திரும்பும் ஓர் இராக்கெட்டினை அவர்கள் செய்தார்கள். அந்த வேலை நம் முன்னே ஒரு கேள்வியை வைத்திருக்கிறது. வெள்ளி விழா நிதியை எதற்குச் செலவிடுவது என்று இவ்வாண்டு முடிவு செய்யவேண்டிய இச்சங்கம், அக்கேள்விக்கு விடை சொல்லியே ஆகவேண்டும்.

வானம் நமக்குத் தொலைவில் இல்லை

இராக்கெட்டு என்றதும் நம் மக்கள் ஸ்ரீஹரிகோட்டாவையும் அமெரிக்காவையும் நினைக்கிறார்கள். நம் வட்டார மண்ணுக்கு அது புதிய பொருளன்று. 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஐதர் அலியின் படையும் அவர் மைந்தர் திப்புவின் படையும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்தன. அப்போரில் மைசூர்ப் படையினர் இராக்கெட்டுகளை ஏவினார்கள். இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்து, மூங்கில் கழியோடு பிணைத்த இராக்கெட்டுகள் அவை. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவை இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றைப் பார்த்தே வில்லியம் காங்கிரீவ் தம் இராக்கெட்டுகளை உருவாக்கினார். திப்புவின் பெயரை வரலாறு சொல்கிறது. காங்கிரீவின் பெயரையும் சொல்கிறது. இரும்பை அடித்துக் குழாயாக்கிய கையும், மூங்கிலை அளந்து நறுக்கிய கையும் யாருடையவை என்று நம் பாடநூல்கள் சொல்வதில்லை. இந்த மௌனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

நம் காலத்துக்கு வருவோம். பொத்தேரியில் ரயிலேறினால் அரைமணிப் பயணத்துக்குள் வரும் குரோம்பேட்டையில்தான், சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில், அப்துல் கலாம் 1950-களில் விமானப் பொறியியல் பயின்றார். பொத்தேரியை ஒட்டிய காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய, ஏறத்தாழ 11 கிலோ எடையுள்ள எஸ்.ஆர்.எம்.சாட் என்னும் சிறு செயற்கைக்கோள், 2011 அக்டோபர் 12 அன்று பி.எஸ்.எல்.வி. சி-18 ஊர்தியில் விண்ணுக்குச் சென்றது. நம் மாவட்டத்துக் கடற்கரையில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட பட்டிப்புலத்திலிருந்து, 2023 பிப்ரவரி 19 அன்று ஓர் ஆய்வு இராக்கெட்டு ஏவப்பட்டது. பள்ளி மாணவர்கள் பங்கேற்று உருவாக்கிய 150 மிகச் சிறு செயற்கைக்கோள்களை அது சுமந்து சென்றது. அடுத்த ஆண்டு, 2024 ஆகஸ்ட் 24 அன்று, திருவிடந்தையிலிருந்து ‘ரூமி-1’ என்னும் இராக்கெட்டு நகரும் ஏவுமேடையிலிருந்து புறப்பட்டது. மூன்று கனசதுரச் செயற்கைக்கோள்களும் 50 மிகச் சிறு செயற்கைக்கோள்களும் அதில் இருந்தன. மீண்டும் பயன்படுத்தத் தக்கதாக அதனை வடிவமைத்திருந்தார்கள்.

அரசுப் பள்ளிப் பெண்குழந்தைகளின் முயற்சி ஒன்றையும் சொல்லவேண்டும். நாடெங்குமுள்ள 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் பங்கேற்ற ‘ஆசாதிசாட்’ 2022 ஆகஸ்ட் 7 அன்று ஏவப்பட்டது. ஊர்தி உரிய பாதையை எட்டாததால் அது பயன்படாமற் போயிற்று. அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது ஆசாதிசாட் வெற்றியுடன் சுற்றுப்பாதையில் சேர்ந்தது.

இவற்றையெல்லாம் செய்தித்தாளில் படித்த நம் பிள்ளைகள், “நாம் எப்போது ஐயா செய்வது?” என்று கேட்டார்கள். அவர்கள் வேடிக்கை பார்க்க அழைத்துச் செல்லும்படி கேட்கவில்லை. செய்யவேண்டும் என்று கேட்டார்கள். அந்தச் சொல்தான் இவ்வேலையின் தொடக்கம்.

தண்ணீரால் பறக்கும் இராக்கெட்டு

மருந்து கெட்டித்த இராக்கெட்டு நமக்கு ஆகாது என்பதை முதல் நாளே உறுதியாகச் சொல்லிவிட்டோம். பட்டாசு மருந்தையும் தீக்குச்சி மருந்தையும் சுரண்டிக் குழாயில் அடைத்துக் கைவிரல் இழந்த சிறுவர் பலர். உரிமமின்றி வெடிமருந்து செய்வது சட்டப்படியும் குற்றம். மேலும் மீனம்பாக்கம் விமான நிலையமும், தாம்பரம் விமானப் படைத் தளமும், கல்பாக்கம் அணுமின் நிலையமும் உள்ள பகுதியில் வாழ்கிறோம். நினைத்தபோது நெருப்பு இராக்கெட்டு விடுவதற்குரிய இடமன்று இது. ஆகவே தண்ணீரையும் காற்றையும் கொண்டு இயங்கும் இராக்கெட்டினைத் தேர்ந்தோம்.

அதன் தத்துவம் எளியது. சோடா, கோலா முதலிய பானங்கள் வரும் இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றவேண்டும். வாயை ரப்பர் அடைப்பானால் இறுக்கி, அதில் பொருத்திய சைக்கிள் டியூப் வால்வு வழியாகக் காற்றடிக்க வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறியபின் அடைப்பானை விடுவித்தால், காற்று தண்ணீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது; தண்ணீர் புட்டியை மேல்நோக்கித் தள்ளுகிறது. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட மூன்றாம் விதி கண்முன்னே நடக்கிறது. தண்ணீர் முழுவதும் வெளியேற அரை நொடியும் ஆவதில்லை. அந்த அரை நொடியில் பெற்ற வேகத்தைக் கொண்டுதான் மீதி உயரத்தையெல்லாம் அது கடக்கவேண்டும்.

பாதுகாப்புக்குச் சில விதிகள் வகுத்தோம். கண்ணாடிப் புட்டியும் உலோகக் கலனும் கூடவே கூடாது. குடிநீர்ப் புட்டியும் வேண்டா, அது மெல்லியது. சோடா வகைப் புட்டியே அழுத்தம் தாங்குவது. சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டுக்கு மேல் காற்றடிப்பதில்லை. கீறல் விழுந்த புட்டியை உடனே ஒதுக்கிவிடவேண்டும். காற்றடிப்பவர் கண்ணாடி அணிந்திருக்கவேண்டும். விடுவிக்கும் கயிறு பத்து மீட்டருக்குக் குறையாமல் இருக்கவேண்டும். ரயில் பாதையின் மின்கம்பிக்கும் ஜி.எஸ்.டி. சாலைக்கும் நெடுந்தொலைவு தள்ளி, கோடையில் வற்றிய ஏரிப் பரப்பில், காற்று எழாத காலைப் பொழுதில் மட்டும் விடவேண்டும். இவற்றை எழுதிச் சுவரில் ஒட்டிய பின்னரே வேலை தொடங்கியது.

வெறும் புட்டி மேலே போனால் தலைகுப்புறச் சுழன்று விழும். இராக்கெட்டின் எடைமையம் முன்னேயும், காற்று பிடிக்கும் மையம் பின்னேயும் இருக்கவேண்டும். அதற்காக மூக்கில் களிமண் வைத்து எடை கூட்டினோம். வாலில் அட்டையால் நான்கு இறகுகள் ஒட்டினோம். எடைமையத்தில் கயிறு கட்டித் தலைக்குமேல் சுழற்றிப் பார்த்தால், சரியாக அமைந்த இராக்கெட்டு மூக்கை முன்னே நீட்டிக்கொண்டு சுற்றும். சரியில்லாதது புரண்டு திரும்பும். கணக்குப் புத்தகத்தில் ‘மையம்’ என்ற சொல்லை மனப்பாடம் செய்திருந்த பிள்ளைகள், அதனைக் கயிற்றின் நுனியில் கண்டுகொண்டார்கள்.

கிளைடர் என்னும் பிள்ளை

கிளைடர் என்பது எந்திரமில்லாத விமானம். பருந்து சிறகை அசைக்காமல் வட்டமிடுகிறதே, அதுபோலக் காற்றின்மேல் சறுக்கிக்கொண்டே மெல்ல இறங்குவது. தென்னை ஈர்க்கினை முதுகெலும்பாக வைத்து, மெல்லிய தெர்மோகோல் தட்டை வெட்டிச் சிறகும் வாலும் ஒட்டினார்கள். ஒவ்வொன்றும் பத்துக் கிராமுக்குள் அடங்கவேண்டும். இரண்டும் ஒரே எடையாக இருக்கவேண்டும். ஒன்று கனத்தாலும் இராக்கெட்டு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

கிளைடரைச் செய்வதினும் அதனை நிதானப்படுத்துவதே கடினம். இடுப்புயரத்திலிருந்து மெல்லத் தள்ளிவிட்டுப் பார்க்கவேண்டும். மூக்கைத் தூக்கி நின்று பின் பொத்தென்று விழுந்தால் மூக்கு எடை போதவில்லை. ஒரு பயறளவு களிமண் கூட்டவேண்டும். நேரே தரையில் குத்தினால் எடை மிகுதி. சிறிது கிள்ளி எடுக்கவேண்டும். சிறகின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் நான்கில் ஒரு பங்கு தள்ளி எடைமையம் அமைந்தால் பெரும்பாலும் சீராகச் சறுக்கும். பின்னர் வாலைச் சிறிதே வளைத்துவிட்டால் வட்டமிட்டு இறங்கும். தொலைவில் போய் முள்மரத்தில் சிக்காது. ஒரே கிளைடரை நாற்பது முறை, ஐம்பது முறை தள்ளிவிட்டுத் திருத்தினார்கள். வகுப்பில் ஐந்து நிமிடம் அமைதியாக அமராத சிறுவன் ஒருவன், ஒரு பயறளவு களிமண்ணுக்காக மூன்று மாலைப்பொழுதுகள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்ததை நாம் கண்டோம்.

கிளைடர்களை இராக்கெட்டின் மேற்பகுதியில் கட்டினால் காற்றின் பிடிப்பு முன்னே வந்து இராக்கெட்டு புரண்டுவிடும். ஆகவே வால் இறகுகளுக்கு அருகில் இருபுறமும் எதிரெதிரே வைத்து, மூக்கில் இன்னும் சிறிது எடை கூட்டி, மறுபடியும் சுழற்றிப் பார்த்து உறுதி செய்தோம்.

பெரியோர்களே, இது சிறுவர் விளையாட்டு என்று எண்ணவேண்டா. இதே சிக்கலை நம் நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனமும் ஆராய்ந்து வருகிறது. 2016 மே 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு திட எரிபொருள் இராக்கெட்டு, ஆறரை மீட்டர் நீளமும் 1.75 டன் எடையும் உள்ள சிறகு பொருத்திய ஊர்தி ஒன்றைத் தலையில் சுமந்து எழுந்தது. ஏறத்தாழ 56 கிலோமீட்டர் உயரத்தில் ஊர்தி பிரிந்தது. மேலும் எழும்பி 65 கிலோமீட்டரைத் தொட்டது. பின்னர் ஒலியைப் போல் ஐந்து மடங்கு வேகத்தில் காற்று மண்டலத்தில் நுழைந்து, சறுக்கி இறங்கி, ஏவிய இடத்திலிருந்து 450 கிலோமீட்டர் தொலைவில் வங்கக் கடலில் குறித்த இடத்தை அடைந்தது. அடுத்த படியாக, 2023 ஏப்ரல் 2 அன்று கர்நாடகத்தின் சித்திரதுர்க்காவில், விமானப் படையின் ஹெலிகாப்டர் நாலரைக் கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் சென்று விட்ட ஊர்தி, ஓட்டுநர் எவருமின்றித் தானே ஓடுபாதையைத் தேடி இறங்கியது. 2024 மார்ச் 22, ஜூன் 23 ஆகிய நாள்களில் அச்சோதனையை மேலும் கடினமாக்கி நடத்தி வெற்றி கண்டார்கள்.

பெரிய ஊர்தியானாலும் ஈர்க்குக் கிளைடரானாலும் இடர் வரும் இடம் ஒன்றே. ஏறும்போது அசையாமல் பற்றியிருக்கவேண்டும். உச்சியில் தயங்காமல் விட்டுவிடவேண்டும். பற்றுதல் தளர்ந்தாலும் கேடு. விடுதல் தாமதித்தாலும் கேடு.

ஒரு முடிச்சின் வரலாறு

நம் பிள்ளைகள் செய்த ஏற்பாடு இது. புட்டியின் தலையில் ஒரு கூம்பு மூடி தளர்வாக உட்கார்ந்திருக்கும். அதனடியில் பாலித்தீன் தாளில் செய்த பாராசூட் மடித்து வைக்கப்பட்டிருக்கும். மேலேறும்போது எதிர்க்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். உச்சியில் வேகம் அடங்கிக் காற்றின் அழுத்தம் நீங்கியதும் மூடி கழன்று விழும், பாராசூட் விரியும். கிளைடர்களை நூலால் கட்டி, பாராசூட் விரியும்போது அந்நூல் அவிழும்படி அமைக்கவேண்டும்.

முதல் நாள் ஒவ்வொரு கிளைடருக்கும் ஒரு முடிச்சாக இரண்டு முடிச்சுகள் போட்டிருந்தார்கள். ஒன்று அவிழ்ந்தது, மற்றொன்று அவிழவில்லை. ஒருபுறம் பாரம் தொங்க இராக்கெட்டு சுழன்று ஏரி மண்ணில் குத்தியது. இரண்டாம் நாளும் அப்படியே. ஆசிரியர்களாகிய நாங்கள் கொக்கி வைக்கலாமா, ரப்பர் வளையம் வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். அவளுடைய தந்தையார் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் தொழிலாளி. “ஐயா, இரண்டு முடிச்சு வேண்டாம். இரண்டு கிளைடரையும் சேர்த்துச் சுற்றிக் கட்டி ஒரே முடிச்சாகப் போடலாம். எங்கள் அப்பா ஒரு முடிச்சுப் போடுவார். பாரம் இழுக்க இழுக்க இறுகும்; நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும்” என்றாள். சொன்னதோடு நில்லாமல் போட்டும் காட்டினாள். அந்த நுனியைப் பாராசூட்டின் கயிற்றோடு பிணைத்தோம்.

அதே நாளில் கொத்தனார் ஒருவரின் மகன், ஏவுமேடை சாய்ந்திருக்கிறது என்று சொல்லி வீட்டுக்கு ஓடித் தன் தந்தையின் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் எடுத்து வந்தான். பஞ்சர் கடை வைத்திருக்கும் ஒருவர், காற்றுக் கசியாமல் வால்வைப் பொருத்தும் முறையைத் தம் கையால் செய்து காட்டினார்.

மூன்றாம் முறை ஏவினோம். இராக்கெட்டு ஒரு பனைமர உயரம் எழுந்தது. மூடி கழன்றது, பாராசூட் விரிந்தது, முடிச்சு அவிழ்ந்தது. இரண்டு வெள்ளைச் சிறகுகள் இருபுறமும் பிரிந்து, ஒன்று இடமாகவும் ஒன்று வலமாகவும் வட்டமிட்டன. பிள்ளைகள் உரக்க எண்ணினார்கள். பதினான்கு எண்ணும் வரை அவை வானத்தில் இருந்தன.

கை யாருடையது, கருத்து யாருடையது

தாய்மார்களே, இந்த வேலை தொடங்கிய நாளில் உங்களுள் ஒருவர் பள்ளிக்கு வந்து நம்மிடம் சொன்னதை இங்கே கூற அனுமதி கேட்கிறோம். “கல்லும் மண்ணும் சுமந்த கை எங்களோடு போகட்டும் ஐயா. என் பிள்ளை பேனா பிடிக்கட்டும். அவன் கையில் ரம்பமும் சுத்தியும் கொடுக்கவா பள்ளிக்கு அனுப்பினோம்?” என்று அந்த அம்மையார் கேட்டார்.

அந்தக் கேள்வியில் அறியாமை எதுவும் இல்லை. தலைமுறை தலைமுறையாய்ப் பட்ட வலியே இருக்கிறது. நம் முன்னோரின் கையைப் பிறர் கட்டாயப்படுத்தி எடுத்துக்கொண்டார்கள். உழுத கைக்கு நிலம் இல்லை. கட்டிய கைக்கு வீடு இல்லை. இந்தச் செங்கற்பட்டு மாவட்டத்து ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அரசுக்கு எழுதிய அறிக்கையும், அதன் விளைவாக 1892-இல் பிறந்த பஞ்சமி நில ஆணையும் அதற்குச் சான்றுகள். இம்மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் இதழ் நடத்தியும் வட்டமேசை மாநாடு வரை சென்றும் வாதாடியதும், அந்தக் கட்டாயத்திலிருந்து நம்மை மீட்பதற்கே. ஆகவே கைவேலை என்றதும் தாயின் நெஞ்சு பதறுவது இயற்கை.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். உழைப்பவர்களையே ஒருவரோடொருவர் சேராதபடி அடுக்கிவைத்தது சாதி என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலில் விளக்கினார். அந்த அடுக்கு ஆள்களை மட்டும் பிரிக்கவில்லை. ஒரு மனிதனின் கையையும் கருத்தையும் பிரித்தது. கருத்து மேலே இருப்பவனுக்கு, கை கீழே இருப்பவனுக்கு என்று வகுத்தது. முன்னர்ப் பொள்ளிலூர் இராக்கெட்டின் குழாயை அடித்த கையைப் பற்றிச் சொன்னோமே, அந்தக் கையின் பெயர் நமக்குத் தெரியாமற் போனதற்குக் காரணம் இந்தப் பிரிவினைதான்.

இப்போது நாம் கையை வெறுத்துக் கருத்தை மட்டும் பற்றிக்கொண்டால், அந்தப் பிரிவினையை ஒழித்தவர்களாக மாட்டோம். அதன் மறுபக்கத்துக்கு இடம் மாறியவர்களாகவே ஆவோம். சாரம் கட்டும் தந்தையின் முடிச்சு ஒன்பதாம் வகுப்பில் எந்திரவியலாயிற்று. அம்முடிச்சு நேற்றும் அதேதான்; இன்று அதனோடு ‘ஏன்’ என்னும் கேள்வி சேர்ந்தது. உராய்வு ஏன் இறுக்குகிறது, நுனியை இழுத்தால் ஏன் விடுகிறது என்று அந்த மாணவி படம் வரைந்து விளக்கினாள். அன்று மாலை அவளுடைய தந்தையார் பள்ளி வாயிலில் நின்று, “நான் போடும் முடிச்சா ஐயா?” என்று இருமுறை கேட்டார். தம் தொழிலில் அறிவு இருக்கிறது என்று அவரிடம் அதுவரை எவரும் சொன்னதில்லை.

மற்றொன்றும் சொல்லவேண்டும். நாம் முன்பு பணியாற்றிய ஊர் ஒன்றில் அறிவியல் கண்காட்சி நடந்தபோது, சேரிப் பிள்ளைகளுக்கு நாற்காலி அடுக்கும் வேலையும் தண்ணீர் கொண்டுவரும் வேலையும் தரப்பட்டன. மேசைமேல் இருந்த கருவிகளைத் தொட்டவர்கள் வேறு பிள்ளைகள். தீண்டாமை என்ற சொல்லை அங்கே யாரும் உச்சரிக்கவில்லை; உச்சரிக்கத் தேவையும் இருக்கவில்லை. ஆய்வுக்கூடக் கருவியைத் தொடாமலே பத்தாம் வகுப்பைக் கடக்கும் பிள்ளை, மதிப்பெண் பெற்றாலும், கல்லூரியின் முதல் செய்முறை வகுப்பில் கை நடுங்கி நிற்கிறது. ‘இவர்களுக்கு வராது’ என்ற பழியும் அங்கேதான் பிறக்கிறது. நடுக்கத்துக்குக் காரணம் அறிவுக்குறை அன்று, பழக்கமின்மையே.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

வெள்ளி விழா நிதியைக் கொண்டு ஊர் முகப்பில் ஒரு தோரண வாயில் கட்டலாம் என்று சிலரும், நிகழ்ச்சிகளுக்கான மண்டபம் வேண்டும் என்று சிலரும் கருதுவதை அறிவோம். இரண்டும் நல்ல நோக்கமே. நமக்கென்று ஓர் அடையாளம் வேண்டும் என்ற வேட்கை எவ்வளவு நியாயமானது என்பதையும் உணர்கிறோம். எனினும் நம் பணிவான வேண்டுகோள் வேறு. மாலைப் படிப்பகத்தை ஒட்டி ஒரு பட்டறை அறை கட்டுங்கள். இரண்டு உறுதியான மேசைகள், ஒரு வைஸ், ரம்பம், அரம், சுத்தி, துளையிடும் கருவி, நல்ல தராசு, ஈயப் பற்று வைக்கும் கோல், அளவுகோல்கள் ஆகியவை போதும். பூட்டு இருக்கட்டும், சாவி பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வெளியிலிருந்து வரும் நிறுவனங்கள் தரும் கருவிப் பெட்டிகளை மறுக்கவேண்டா. அவற்றால் நன்மை உண்டு. ஆனால் தந்த பெட்டியைத் திறந்து, எண் பார்த்துப் பூட்டுவது முதற்படி. தானே அளந்து, தானே வெட்டி, தவறியதைத் தானே திருத்துவது அடுத்த படி. அந்தப் படியை நமக்காக வேறொருவர் கட்டித்தரமாட்டார்.

அந்த அறையில் மாதம் ஒருமுறை நம் பெற்றோரே ஆசிரியராக வரட்டும். கொத்தனார் மட்டம் பார்க்கக் கற்பிக்கட்டும்; கீற்று முடைபவர் பின்னலைக் கற்பிக்கட்டும்; மின்பணியாளர் சுற்றிணைப்பைக் கற்பிக்கட்டும். பட்டதாரி ஆசிரியர்களாகிய நாங்கள் பக்கத்தில் நின்று அதன் கணக்கைச் சொல்லித் தருகிறோம். பெண்குழந்தைகளுக்கு அந்த மேசையில் சரிபாதி இடம் உறுதியாக வேண்டும். முடிச்சை அவிழ்த்துக் காட்டியவள் ஒரு பெண் என்பதை மறவாதிருப்போம்.

அண்ணல் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, அங்கே கலைப் பாடங்களோடு அறிவியலுக்கும் இடமளித்தார். கல்வி என்பதை ஏட்டளவில் நிறுத்திவிடாத அந்த நோக்கம் நமக்கும் வழிகாட்டட்டும்.

இறுதியாக மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு சொல். இச்சங்கமும் உங்கள் பெற்றோரும் உங்களைத் தூக்கிச் செல்வது அந்த அரை நொடி உந்துதலைப் போன்றதே. உதவித்தொகையும் படிப்பகமும் ஓர் உயரம் வரை கொண்டுசெல்லும். அதற்குமேல் உங்கள் நிதானத்தால்தான் நீங்கள் பறக்கவேண்டும். அந்த நிதானம் ஒரே நாளில் வருவதன்று. நாற்பது முறை தள்ளிவிட்டு, நாற்பது முறை பயறளவு களிமண்ணைக் கூட்டியும் குறைத்தும் பெறுவது. அதற்குரிய மேசையையும் கருவியையும் தருவது பெரியோர் கடமை. அவற்றின் முன்னே பொறுமையாய் அமர்வது உங்கள் கடமை.

பட்டறை அறைக்கான தீர்மானத்தை இன்று மாலை நடைபெறும் பொதுக்குழுவில் செயலாளர் அவர்கள் முன்மொழிய இசைந்திருக்கிறார்கள். அதனை ஆதரிக்குமாறு உங்கள் அனைவரையும் கைகூப்பி வேண்டுகிறோம்.